காதல் கதை வாசிப்பவர் மேல் ஏன் இந்தக் கோபம்?

ஈப்போவில் எந்தத் தமிழ் நூல் வெளியீட்டுக்குப் போனாலும் மேடையில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "நம் பிள்ளைகள் வாசிப்பதே இல்லை. வாசிக்கிற நாலு பேரும் காதல் கதை, கொலைக் கதை என்று குப்பையைத்தான் வாசிக்கிறார்கள். அதனால்தான் நல்ல இலக்கியத்துக்கு ஆளில்லாமல் போனது." அரங்கம் தலையாட்டும், கைதட்டலும் விழும். ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள், சங்கத் தலைவர்கள் சொல்கிறார்கள், எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு, காதல் நாவல் வாசிக்கும் பெண்களே அதை நம்பிவிட்டார்கள். விருந்தாளி வந்தால் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

இந்தக் கருத்து அடியோடு தவறு. பேராக்கில் தமிழ் வாசிப்பு இத்தனை காலம் எதனால் தாக்குப்பிடித்தது என்று யோசிக்காமல் சொல்லப்படுவது. வாசிப்பை வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு பேசுகிறவர்களே வாசகர்களை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேதனை.

முதலில் நம் நிலைமையைப் பார்க்க வேண்டும். மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருப்பது பேராக்கில்தான்; 134 பள்ளிகள். அங்கே படித்த பிள்ளை பன்னிரண்டு வயது முடிந்ததும் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே தமிழ் ஒரு பாடம். பல இடங்களில் மற்ற வகுப்புகளெல்லாம் முடிந்த பிறகு, களைத்துப்போன நேரத்தில் நடக்கும் பாடம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுப்பவர்கள் கொஞ்சம் பேர். அதன்பின் வேலைக்குப் போனால் படிவம் தமிழில் இல்லை, சம்பளச் சீட்டு தமிழில் இல்லை, நீதிமன்றம் தமிழில் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர் பேருந்துப் பலகையையாவது தமிழில் வாசித்தாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயமும் கிடையாது. பள்ளியை விட்டு வெளியேறிய ஒரு மலேசியத் தமிழர் தமிழில் ஒரு பக்கம் வாசிக்கிறார் என்றால், வாசிக்க அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பிரியம் ஒன்றைத்தான் நாம் நம்பியிருக்கிறோம். அதைக் குப்பை என்று சொல்லிக் கூச வைத்துவிட்டால் பிறகு எதை வைத்து வாசிக்கச் சொல்வோம்?

தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் எழுத்தைக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடும். அதற்குமேல் படிக்க வைக்க வசதியில்லாமல் பிள்ளைகள் பால்மரக் காட்டுக்குள் இறங்கினார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கித்தா மரம் வெட்டப் போகிறவர், மங்கில் பால் சேர்ந்ததும் எடுத்து ஸ்டோருக்குச் சுமந்துவிட்டு, நடுப்பகலில் லயத்துக்குத் திரும்பி, சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நாலு வருஷம் படித்த எழுத்து அந்த வாழ்க்கையில் மறந்துபோகத்தான் வாய்ப்பு அதிகம். மறக்காமல் இருந்தவர்களை மறக்கவிடாமல் செய்தது வார இதழின் தொடர்கதையும், டவுனுக்குப் போனவர் வாங்கி வந்த மாத நாவலும்தான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புந்தோங்குக்குக் குடிவந்த ஓர் அம்மாவின் வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது. வார இதழில் வந்த காதல் தொடர் ஒன்றின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டியிருக்கிறார். கதைக்குப் பக்கத்திலேயே கூந்தல் தைல விளம்பரம், பாதியில் அறுந்த நகைச்சுவைத் துணுக்கு. நடுவில் ஒரு வாரத்து இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் இரண்டு. அந்த வாரம் கதையில் என்ன நடந்தது என்று அடுத்த லயத்துக்காரியிடம் கேட்டுத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறார். எழுத்துப் பிழை உண்டு. ஒற்று பல இடங்களில் இல்லை. ஆனால் நாயகியின் பேச்சுக்கு மேற்கோள் குறி போட்டிருக்கிறார், பத்தி பிரித்திருக்கிறார். அட்டையின் உள்பக்கம் இரவல் வாங்கிப் போனவர்களின் பெயர்கள் பென்சிலில். நாலாவது வரைக்கும் படித்துவிட்டு மரம் வெட்டப் போனவர் அவர். அவரை உட்கார வைத்து இரண்டு பக்கம் தமிழ் எழுத வைக்க எந்த மேடைப் பேச்சால் முடிந்திருக்கும்?

அந்தக் கட்டைக் குப்பை என்கிறவர்கள் தமிழ்ப் புதினத்தின் வரலாற்றையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரிதும் குறிப்பிடுவது க. வெங்கடரத்தினம் 1917இல் வெளியிட்ட 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. தலைப்பிலேயே காதல் இருக்கிறது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் எழுதிக் குவித்த துப்பறியும் கதைகள்தான் நாவல் என்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும் கூட்டத்தை உண்டாக்கின. வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார். 'ஜகன்மோகினி' இதழைப் பல்லாண்டு நடத்தினார். அடுப்படியில் இருந்த பெண்களை வாசகர்களாக்கியதில் அவருக்கு ஈடாகச் சொல்ல அக்காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

1969இல் 'ராணி முத்து' மலிவு விலையில் மாதம் ஒரு நாவல் என்று தொடங்கியபோது முதலில் வந்தது அகிலனின் 'பொன்மலர்'. மலேசியத் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைப் 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலாக எழுதியவரும் அதே அகிலன்தான். மலிவுத் தாளில் வந்தது மட்டமானது என்றால் அகிலனையும் அந்தக் கூடையில்தான் போட வேண்டும்.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். "பொன்னியின் செல்வனைப் படிக்கச் சொல்லுங்கள், அது போதும்." சரி, படிப்போம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த வாரம் என்ன என்று ஏங்க வைத்து எழுதப்பட்டது. வந்தியத்தேவனும் குந்தவையும் ஒருவரையொருவர் நினைத்து உருகுவதை நீக்கிவிட்டால் அதில் பாதி இல்லை. மீதிப் பாதியின் முதுகெலும்பு ஒரு கொலை. அதுவும் கற்பனைக் கொலை இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயரும், அவர்களின் உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்ட செய்தியும் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு. காதலும் உண்மைக் குற்றமும் கலந்த அந்தத் தொடர்கதையைப் பெருமையாகத் தூக்கிப் பிடிக்கிறவர்கள், ராஜேஷ்குமார் நாவலோடு பேருந்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞனைப் பார்த்து முகம் சுளிப்பது எந்த நியாயம்?

இன்னும் பின்னால் போனாலும் கதை மாறாது. எட்டுத்தொகையில் ஐந்து தொகைகள் முழுக்க அகம். குறளில் 250 குறள்கள் காமத்துப்பால். நம் முதல் காப்பியம் தொடங்குவது ஒரு திருமணத்தில். திரும்புவது ஒரு திருட்டுப் பழியில். எரிவது விசாரிக்காமல் கொடுத்த மரணதண்டனையால். பழசானால் இலக்கியம், புதிதாக வந்தால் குப்பை என்ற அளவுகோலை நான் ஏற்கமாட்டேன்.

குற்றக் கதை மனத்தைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதுதான் அதிகம் அச்சுறுத்திப் பேசப்படுவது; பெற்றோர் உடனே நம்பிவிடுவதும் இதைத்தான். தமிழில் வந்த உண்மைக் குற்ற எழுத்துகளிலேயே மிகவும் வசைபாடப்பட்டது ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையாகத்தான் இருக்கும். தூக்குத் தண்டனைக் கைதியான அவர் சிறையிலிருந்து எழுதியதை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது அரசு அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ராஜகோபால் வழக்கு என்று அறியப்படும் அதில் 1994இல் வந்த தீர்ப்பு, இந்தியாவில் தனிமனிதர் அந்தரங்க உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் எல்லை வகுத்த தீர்ப்புகளில் முக்கியமானது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, தங்கள் பெயர் கெடும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே வாயை அடைக்க முடியாது என்றது அது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி வழக்கிலும் அந்தத் தீர்ப்பு பேசப்பட்டது. அச்சிடவே கூடாது என்று தடுக்கப் பார்த்த ஒரு குற்றக் கதையால் ஒரு நாட்டின் சட்டம் தெளிவடைந்தது.

ராஜீவ் காந்தி கொலையைப் புலனாய்வு செய்த சி.பி.ஐ. அதிகாரி கே. ரகோத்தமன் அந்த வழக்கைத் தமிழிலேயே புத்தகமாக எழுதியிருக்கிறார். விசாரணை எப்படி நகர்கிறது, ஆதாரம் என்றால் என்ன, ஒரு புகைப்படம் எப்படிச் சாட்சியாகிறது என்பதை ஒரு சாதாரண வாசகர் இப்படிப்பட்ட நூல்களில்தான் கற்கிறார். காவல் நிலையத்துக்கு அழைத்தால் கைகால் நடுங்கும் நம் மக்களுக்கு இந்த அறிவு தேவையா இல்லையா?

பேராக் மண்ணிலேயே எத்தனை கதைகள் கிடக்கின்றன! 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்தவர்கள் நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்துக்குள் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. முள்வேலியும் அரிசிக் கட்டுப்பாடும் ஊரடங்கும் தோட்டத்துத் தமிழர் வாழ்க்கையையும் புரட்டிப் போட்டன. ஒரு நாட்டின் வரலாறு திரும்பிய இடம் ஒரு தோட்டத்து ஆபீஸ் அறை. அந்தத் தோட்டத்தின் பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. 'வரலாறு படி' என்றால் கொட்டாவி விடும் பதினாறு வயதுப் பையனிடம் இதை ஒரு கொலை வழக்காக நீட்டிப் பாருங்கள். இரவெல்லாம் விளக்கு எரியும்.

அதற்கு நாலு நாள் முன்னால், ஜூன் 12 அன்று, சிபில் கார்த்திகேசு இறந்தார். ஜப்பானியர் காலத்தில் பாப்பானில் தம் கணவரோடு மருந்தகம் நடத்தி, காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தவர். கெம்பெய்தாய் இராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. வாய் திறக்க வைப்பதற்காக அவர் மகளையே கண்முன் மரத்தில் கட்டித் தொங்கவிட்டது. அவர் பட்டதைச் சொல்லும் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' 1954இல் நூலாக வந்தது. சித்திரவதை செய்தவன் ஈப்போவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் மரணதண்டனை பெற்றான். குற்றம், புலனாய்வு, சாட்சி, தீர்ப்பு எல்லாம் இந்தக் கதையில் இருக்கின்றன. இது மனத்தைக் கெடுக்குமா? நம் ஊரில் ஒரு பெண் எவ்வளவு உறுதியாக இருந்தாள் என்பதைக் காட்டுமா?

உலகம் நம் ஊரைக் கண்டுகொண்டதும் இந்த வகைக் கதைகளில்தான். பத்து காஜாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன் 2008இல் எழுதிய 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' ஈப்போவின் வசதியான தமிழ்க் குடும்பத்தின் கதை. ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த செல்லம் என்ற பெண்ணை, இன்ன குற்றம் என்று சொல்லாமலேயே வீட்டைவிட்டு அனுப்புவதில் நாவல் தொடங்குகிறது. என்ன நடந்தது என்ற கேள்விதான் நம்மைக் கடைசிப் பக்கம் வரை இழுக்கிறது. யாங்ஸி சூ 2019இல் எழுதிய 'தி நைட் டைகர்' 1930களின் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் நடக்கிறது. நடன அரங்கில் வேலை செய்யும் பெண்ணின் கையில் துண்டிக்கப்பட்ட ஒரு விரல் கிடைக்கிறது. மர்மமும் காதலும் கைகோத்துப் போகின்றன. மேடையில் குப்பை என்று ஒதுக்கப்படும் அதே சரக்கை வைத்துக்கொண்டுதான் நம் ஊர்ப் பெயர் உலகம் சுற்றுகிறது.

குப்பை என்ற சொல்லில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் கெடாவின் லூனாஸில் 1981இல் சம்சு குடித்துத் தொழிலாளர்கள் மாண்ட துயரத்தைத் தொட்டு எழுதப்பட்டது. அதை ஆபாசம் என்று நம்மவர்களே கூச்சலிட்டார்கள். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. அது காதல் நாவலுமில்லை, துப்பறியும் கதையுமில்லை, தீவிர இலக்கியம். இன்று ரமணிசந்திரனை வாசிக்காதே என்று சொல்லப் பழகிய நாக்கு நாளைக்கு எதையும் வாசிக்காதே என்று சொல்லும். இலக்கியவாதிகள் இந்தப் பழக்கத்துக்குத் துணைபோவது தங்கள் காலடி மண்ணைத் தாங்களே தோண்டுவது.

மறுதரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பல காதல் நாவல்களில் நாயகியைக் கன்னத்தில் அறைந்தவனே கடைசி அத்தியாயத்தில் தாலி கட்டுகிறான். அதிகாரத்தை அன்பு என்று காட்டுகிறார்கள். கொலைக் கதைகளில் செத்துக் கிடக்கும் பெண்ணின் உடலை வர்ணிப்பதில் ஓர் அருவருப்பான ருசி தெரிவதுண்டு. இவற்றைக் கண்டிக்க வேண்டும், கடுமையாகவே கண்டிக்க வேண்டும். ஆனால் யார் கண்டிப்பது? வாசித்தவர்தானே? அட்டையைப் பார்த்தே ஒதுக்குகிறவருக்கு எந்த நாவலில் அறை விழுகிறது, எந்த நாவலில் நாயகி திருப்பி அடிக்கிறாள் என்பது எப்படித் தெரியும்? நூறு காதல் நாவல் வாசித்த பெண்களை உட்கார வைத்துப் பேசவிட்டுப் பாருங்கள். எந்த எழுத்தாளர் பெண்ணை மதிக்கிறார், எவர் மதிக்கவில்லை என்று அவர்கள் பிட்டுப் பிட்டு வைப்பார்கள். அந்தப் பேச்சுக்கு நம் மன்றங்களில் இடமில்லை. அந்த வாசகியரை இளக்காரமாகப் பார்ப்பதில் பெண்கள் மேல் உள்ள இளக்காரமும் கலந்திருக்கிறது. ஆண்கள் வாசிக்கும் சரித்திர சாகசக் கதைகளுக்கு இவ்வளவு ஏச்சு விழுந்து நான் கேட்டதில்லை.

காதல் கதையை ஆதரிக்கிறவர்களிலும் சிலர், "அது முதல் படி, பிறகு உயர்ந்த இலக்கியத்துக்கு ஏறிவிடுவார்கள்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசுகிறார்கள். அதையும் நான் மறுக்கிறேன். யாரும் எங்கும் ஏற வேண்டியதில்லை. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதையை வாசிப்பவர் அதை வாசித்த மகிழ்ச்சிக்காகவே வாசிக்கலாம். நான் கேட்பது அக்கம்பக்கம் பார்க்கும் வசதி. காதல் கதை பிடித்தவருக்கு 'பால்மரக் காட்டினிலே' பிடிக்கலாம். ராஜேஷ்குமார் பிடித்தவருக்கு ரகோத்தமன் பிடிக்கலாம். ரகோத்தமனை முடித்தவர் சிபில் கார்த்திகேசுவிடம் போகலாம், அங்கிருந்து ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலுக்கு ஒரே எட்டு. கே. பாலமுருகன் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' என்று மர்ம நாவல் எழுதியது இந்தச் சூட்சுமம் தெரிந்துதான். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நம்மிடம் குறைந்துபோனது அந்த ஆள்தான். வாசகரின் ரசனை கெட்டுப்போகவில்லை.

ஏன் குறைந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போ, தாசேக், மெங்லெம்பு, கிள்ளான் என்று சிதறினார்கள். பத்து வீடு சுற்றிவந்த நாவல் ஒரு வீட்டோடு நின்றது. இரவல் வாங்கியவர் பெயரைப் பென்சிலில் எழுதிய அட்டைக்கு வேலையில்லாமல் போனது. படிப்பகங்கள் மூடப்பட்டன. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றே போனது. 1950இல் கதை வகுப்பு நடத்தி எழுத்தாளர்களை உருவாக்கிய பத்திரிகை அது. இத்தனையும் நடந்திருக்க, பழியை ஒரு காதல் நாவலின் தலையில் கட்டுவது சுலபமான வழி.

நூல் வெளியீட்டு முறையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிரமுகர் முதல் நூலை வாங்குகிறார், உறையில் பணம் கொடுக்கிறார், படம் எடுத்துக்கொள்கிறார். நண்பருக்காகவும் முகதாட்சண்யத்துக்காகவும் நாமும் வாங்குகிறோம். எழுத்தாளரின் அச்சுக்கூலி திரும்புகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களில் எத்தனை பிரிக்கப்படுகின்றன? பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் அலமாரியில் நிற்கும் 'தரமான' நூல்களை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! அதே வீட்டில் பிரதிலிபியில் தினமும் ஒரு அத்தியாயம் காதல் கதையைக் கைப்பேசியில் வாசிக்கும் மருமகளை "எப்போ பாரு போனு" என்று ஏசுகிறார்கள். அந்த வீட்டில் வாசகர் அவர் ஒருவர்தான்.

மலாய்ச் சமூகம் இதே சிக்கலை எப்படிக் கையாண்டது என்று பார்க்கலாம். அமிர் முகமது 2011இல் ஃபிக்சி என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். குற்றம், திகில், நகரத்து இருட்டு, தெருவில் பேசும் மலாய் என்று வெளிப்படையாகவே மலிவு நாவல் போட்டார். இளைஞர்கள் புத்தகச் சந்தையில் வரிசை கட்டி நின்றார்கள். மொழி கெட்டது என்று அங்கேயும் சிலர் புலம்பினார்கள். ஆனாலும் புத்தகம் வாங்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தவில்லை.

பேராக்கின் தமிழ்ச் சங்கங்களுக்கும், ஆலய நிர்வாகங்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு அலமாரி போடுங்கள். அதில் ரமணிசந்திரனும் இருக்கட்டும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் இருக்கட்டும், ரகோத்தமனும் அகிலனும் சண்முகமும் நவீனின் மற்ற நூல்களும் இருக்கட்டும். பூட்டுப் போடாதீர்கள். எடுத்துப் போனவர் திரும்ப வரும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்க ஒருவரை உட்கார வையுங்கள்; காதல் நாவல் வாசிக்கும் ஓர் அக்காவே அதற்குப் பொருத்தமானவர். அடுத்த வெளியீட்டு விழாவில் நம்மவர் வாசிப்பதில்லை என்று பேச எழுகிறவரே, பேசுமுன் அரங்கத்தில் உள்ளவர்களிடம் கடைசியாக ஆசைப்பட்டு வாசித்த கதை எது என்று கேளுங்கள். என்ன பெயர் வந்தாலும் முகம் கோணாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.